மூன்று பட்டமா, எட்டுப் பட்டமா? வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன்களை ஒப்பிடப் பழகுவது எப்படி

1938-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாய் உட்புறம் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. இப்படியே மேடை முழுக்க ரத்தம் சிந்தினால் சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரிக்கிறார். ஆர்ம்ஸ்ட்ராங் பல்காப்பைத் துப்பிவிட்டு, ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே மிச்சச் சுற்றுகளை முடித்ததாகப் பின்னாளில் சொன்னார். அன்று லூ ஆம்பர்ஸை வென்றதோடு ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் ஆகிய மூன்று எடைப்பிரிவுகளின் உலகப் பட்டங்களும் ஒரே ஆளின் கையில் ஒரே நேரத்தில் இருந்தன.

எழுபது ஆண்டுகள் கழித்து பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மேனி பாக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றார். எட்டு பெரிதா, மூன்று பெரிதா? குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் யாரும் எட்டு என்றுதான் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்த பிறகுதான் கணக்கு அவ்வளவு சுலபமில்லை என்று புரிந்தது. அந்த நோட்டில் என்ன எழுதினேன், எந்த வரிசையில் எழுதினேன் என்பதை இங்கே சொல்கிறேன். இந்த இருவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். முறை பிடிபட்டால் வேறு எந்த ஜோடிக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

1. எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"யார் பெரியவர்?" என்பதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இருவரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார் என்பது ஒன்று. அவரவர் காலத்தில், எதிரே நின்றவர்களை வைத்துப் பார்த்தால் யார் அதிகம் சாதித்தார் என்பது இரண்டாவது. உடல் எடையை ஒதுக்கிவிட்டு, திறமையை மட்டும் தராசில் வைத்தால் யார் உயர்ந்தவர் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் "பவுண்டுக்குப் பவுண்டு" என்கிறார்கள். சுகர் ரே ராபின்சன் காலத்தில் அவரைப் புகழ்வதற்காகவே அந்தச் சொல் பரவலானது. ஹெவிவெயிட் சாம்பியன் எடையால் அவரை வென்றுவிடலாம், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பொருளில்.

முதல் கேள்வியை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. காரணம் சொல்கிறேன். 1969-இல் முகமது அலியையும் ராக்கி மார்சியானோவையும் ஒரு ஸ்டுடியோவுக்குள் வைத்து, ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பலவற்றைப் படம் பிடித்தார்கள். முடிவைக் கணினி சொல்லும் என்று விளம்பரம். 1970-இல் திரையிட்டபோது அமெரிக்காவில் மார்சியானோ 13-ஆவது சுற்றில் நாக் அவுட் செய்து ஜெயித்தார். இங்கிலாந்து ரசிகர்களுக்குக் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். படம் வெளிவருவதற்கு முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். கற்பனை மோதலுக்கு யார் வேண்டுமானாலும் எந்த முடிவையும் எழுதலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நடந்ததை மட்டும் வைத்துப் பேசினால் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ஓரளவு நியாயமான பதில் கிடைக்கும்.

2. பட்டங்களை ஒரே அளவுகோலுக்கு மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான விவாதங்கள் தடம் புரளுகின்றன. அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

பழைய காலத்தில் எடைப்பிரிவுகள் எட்டு. ஃபிளைவெயிட் 112 பவுண்டு, பேன்டம்வெயிட் 118, ஃபெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவிவெயிட் 175, அதற்கு மேல் ஹெவிவெயிட். இந்த எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள், பிறகு எல்லாம் எளிது. கிலோவில் யோசிப்பவர்கள் 112 என்றால் சுமார் 51, 147 என்றால் சுமார் 67 என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று பிரிவுகள் 17. டபிள்யூ.பி.சி. 2020-இல் உருவாக்கிய பிரிட்ஜர்வெயிட்டையும் சேர்த்தால் 18. பழைய படிகளுக்கு நடுவே 'சூப்பர்', 'ஜூனியர்' என்ற பெயர்களில் இடைப்படிகள் நுழைந்துவிட்டன. அதோடு பட்டம் வழங்கும் அமைப்புகள் நான்கு: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஒரு பிரிவில் ஒரே நாளில் நான்கு பேர் தங்களை உலகச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆர்ம்ஸ்ட்ராங் காலத்திலும் சங்கங்களுக்குள் சண்டை இருந்தது, சில பட்டங்கள் பிளவுபட்டும் கிடந்தன. ஆனால் உலகத்தில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணினால், அன்றைக்குப் பத்துக்குச் சற்று மேல். இன்றைக்கு அறுபதுக்கும் மேல்.

இப்போது பாக்கியாவின் எட்டை எடுத்துப் பழைய ஏணியில் வையுங்கள். ஃபிளை, சூப்பர் பேன்டம், ஃபெதர், சூப்பர் ஃபெதர், லைட், சூப்பர் லைட், வெல்டர், சூப்பர் வெல்டர். இவற்றில் பழைய எட்டுக்குள் வருபவை ஃபிளை, ஃபெதர், லைட், வெல்டர் என்ற நான்கு. ஃபெதர்வெயிட்டில் 2003-இல் மார்கோ அன்டோனியோ பரேராவை அவர் வென்றபோது நான்கு அமைப்புகளில் எதன் பெல்ட்டும் பணயத்தில் இல்லை. ஆனால் அந்தப் பிரிவின் உண்மையான தலைவர் பரேராதான் என்று எல்லாரும் ஏற்றிருந்தார்கள். இதனால்தான் பெல்ட்டை மட்டும் எண்ணாதீர்கள் என்கிறேன். "அவன் இருக்கும்போது நான்தான் சாம்பியன் என்று சொல்லக் கூசும்" என்று மற்றவர்களை நினைக்கவைத்த ஆளை யார் வீழ்த்தினார் என்று பாருங்கள். அப்படிக் கைமாறி வரும் பட்டத்தை லீனியல் பட்டம் என்பார்கள்.

ஆக எட்டு என்பது நான்கானது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் மூன்று மூன்றாகவே நிற்கிறது. இடைவெளி சுருங்கிவிட்டது, ஆனால் பாக்கியாவ் பக்கம் இன்னொரு எண்ணையும் எழுத வேண்டும். ஃபெதர்வெயிட்டிலிருந்து வெல்டர்வெயிட் வரை ஏறுவது 21 பவுண்டு, அதாவது தொடங்கிய எடையில் சுமார் 17 சதவீதம். ஃபிளைவெயிட்டிலிருந்து வெல்டர்வெயிட் 35 பவுண்டு, 31 சதவீதம். எலும்பும் தசையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிய பிறகும் அதே வேகத்தோடு குத்தினார் என்பது சாதாரண விஷயமில்லை. இந்தச் சதவீதக் கணக்கை யாரை ஒப்பிட்டாலும் போடுங்கள். பவுண்டு மட்டும் பார்த்தால் சிறிய உடம்புக்காரருக்கு அநியாயம் செய்வோம். ஹெவிவெயிட்டில் பத்து பவுண்டு என்பது ஒரு வேளைச் சாப்பாடும் தண்ணீரும். ஃபிளைவெயிட்டில் அது ஓர் ஆளின் பதினொன்றில் ஒரு பங்கு.

3. தராசில் ஏறிய நேரத்தைப் பாருங்கள்

அந்தக் காலத்தில் சண்டை நடக்கும் நாளன்றே எடை பார்ப்பார்கள். பகலில் 135 காட்டியவர் இரவிலும் அதை ஒட்டித்தான் இருப்பார். 1980-களிலிருந்து எடை பார்ப்பது முந்தின நாளுக்கு மாறியது. இப்போது வீரர்கள் உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்துத் தராசில் ஏறிவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்கும் மேலாகக் குடித்தும் சாப்பிட்டும் ஊதிக்கொண்டு மேடைக்கு வருகிறார்கள். அதனால் இன்றைய லைட்வெயிட்காரர் பலரும் மணி அடிக்கும்போது பழைய வெல்டர்வெயிட் எடையில் நிற்பார். 1938-இன் லைட்வெயிட் வீரரை இன்று கொண்டுவந்து நிறுத்தினால், அவருக்குப் பொருத்தமான இடம் ஒன்றிரண்டு படி கீழே இருக்கும் என்பது என் கணிப்பு.

நோட்டில் 'பிரிவு' என்று ஒரு பத்தி போட்டால், பக்கத்திலேயே 'உண்மை எடை' என்று இன்னொரு பத்தி போடுங்கள். ஆர்ம்ஸ்ட்ராங் 1938 மே 31 அன்று பார்னி ராஸிடமிருந்து வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தபோது அவர் எடை 134-ஐக்கூடத் தொடவில்லை. ராஸ் 142. அதாவது வெல்டர்வெயிட் பட்டத்தை ஒரு லைட்வெயிட் வீரர் 15 சுற்று அடித்து வாங்கினார். எடைக்குறைவாக நிற்கக்கூடாது என்பதற்காகத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தராசில் ஏறினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்றைய வீரர்கள் படும் பாட்டுக்கு நேர் எதிர்.

பாக்கியாவ் பக்கத்திலும் இதே பத்தி பேசும். 2010 நவம்பரில் அன்டோனியோ மார்கரிட்டோவோடு சூப்பர் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு மோதினார். அந்தப் பிரிவின் உச்சவரம்பு 154, ஆனால் ஒப்பந்தப்படி 150-க்கு மேல் போகக்கூடாது. எட்டாவது பட்டத்தில் இது ஒரு சிறு கீறல். மறுபுறம், மேடை ஏறிய இரவில் மார்கரிட்டோ 165-ஐ ஒட்டியும் பாக்கியாவ் 148-ஐ ஒட்டியும் இருந்தார்கள். கீறலையும் எழுதுங்கள், அந்த 17 பவுண்டையும் எழுதுங்கள்.

4. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தேதி

மற்றப் படிகள் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வெற்றிப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பே இல்லை. என்றைக்கு, எந்த வயதில், எந்த நிலையில் இருந்தவரை வென்றார் என்பதுதான் மதிப்பு.

சுகர் ரே ராபின்சனின் பட்டியலில் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் பெயர் இருக்கிறது. ஆகா, பவுண்டுக்குப் பவுண்டு முதலிடத்துக்காரர் இரண்டாமிடத்துக்காரரை நேரடியாகவே வென்றிருக்கிறார், பேச்சு முடிந்தது என்று தோன்றும். தேதியைப் பாருங்கள்: 1943 ஆகஸ்ட் 27. ராபின்சனுக்கு வயது 22. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 30, ஆனால் அது நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளைக் கடந்த 30. வெல்டர்வெயிட் பட்டத்தை ஃபிரிட்சி சிவிக்கிடம் இழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் சிறுவயது நாயகனை ராபின்சன் காயப்படுத்தாமல் பத்துச் சுற்றும் பார்த்துப் பார்த்து அடித்தார் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். ஒப்பீட்டில் இந்த வெற்றிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

பாக்கியாவ் 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை எட்டுச் சுற்றுகளில் உட்காரவைத்தது உலகையே புரட்டிப்போட்டது. இங்கும் தேதி வேண்டும். டி லா ஹோயாவுக்கு அப்போது 35, பல ஆண்டுகளாக எட்டாத வெல்டர்வெயிட் எடைக்கு உடம்பை வற்றவைத்து இறங்கியிருந்தார், அதன்பிறகு மேடை ஏறவே இல்லை. மதிப்பெண் உண்டு, முழுமதிப்பெண் இல்லை. அதே பாக்கியாவ் 2019 ஜூலையில், தனக்கு 40 வயது இருக்கும்போது, தோல்வியே காணாத 30 வயது கீத் தர்மனை முதல் சுற்றிலேயே ஒருமுறை வீழ்த்தி, கடைசியில் புள்ளிகளில் வென்றார். கூட்டம் குறைவாகப் பேசிய வெற்றி அது. என் நோட்டில் டி லா ஹோயா வெற்றியைவிட மேலே இருக்கிறது.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் வரிகளை அதே முறையில் எழுதிப் பாருங்கள். 1937 அக்டோபர் 29, பீட்டி சாரன், ஃபெதர்வெயிட் பட்டம், ஆறாவது சுற்றில் நாக் அவுட். 1938 மே 31, ராஸ், 28 வயது, நடப்புச் சாம்பியன். 1938 ஆகஸ்ட் 17, ஆம்பர்ஸ், 24 வயது, நடப்புச் சாம்பியன். பத்து மாதத்துக்குள் மூன்று நடப்புச் சாம்பியன்கள். மூவரில் ஒருவர்கூடப் பட்டம் காலியாகக் கிடந்ததால் வந்தவர் இல்லை. பிறகு 1939 அக்டோபர் மாதத்துக்கு வாருங்கள்: 9, 13, 20, 24, 30 தேதிகளில் வெல்டர்வெயிட் பட்டத்தை ஐந்து முறை தக்கவைத்தார். எதிரே நின்ற ஐவரும் பெரிய பெயர்கள் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். இருந்தாலும் இன்றைய சாம்பியன்கள் ஐந்து பட்டப் போட்டிகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. காட்சிப் போட்டிகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு மோதியதை நேரில் பார்த்த பெரியவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வாழ்நாள் நினைவு. ஆனால் கணக்கில் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

5. தோல்விகளைப் பிரித்துப் போடுங்கள்

ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. ராபின்சன் 19 தோல்விகள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து மேவெதர்தான் பெரியவர் என்று சொல்லும் புதியவர்கள் நிறைய. ராபின்சனின் பத்தொன்பதையும் வயதுவாரியாகப் பிரியுங்கள். 35 வயதுக்கு முன் நான்கு, அதற்குப் பின் பதினைந்து. கடைசி ஆண்டான 1965-இல் மட்டும் ஐந்து. அப்போது அவருக்கு 44 வயது, பணத் தேவைக்காகத்தான் மேடை ஏறிக்கொண்டிருந்தார்.

முன்வந்த நான்கில் முதல் தோல்வியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட், ஜேக் லமோட்டா. லமோட்டா அவரைவிடச் சுமார் 15 பவுண்டு கூடுதல். எட்டாவது சுற்றில் ராபின்சனைக் கயிற்றுக்கு வெளியே தள்ளிவிடும்படி அடித்தார். நாற்பது சண்டைகளாகத் தோற்காத ஆளுக்கு முதல் அடி. அடுத்து ராபின்சன் என்ன செய்தார்? பிப்ரவரி 19-இல் நியூயார்க்கில் ஜாக்கி வில்சனை வென்றார். பிப்ரவரி 26-இல் அதே டெட்ராய்ட்டுக்குத் திரும்பிப் போய், அதே லமோட்டாவை, அதே எடை வித்தியாசத்தோடு புள்ளிகளில் வென்றார். மூன்று வாரம். அங்கிருந்து 1951 வரை யாரிடமும் தோற்கவில்லை.

தோல்வி எண்ணிக்கையைவிட, தோற்றபின் எத்தனை நாளில், யாரோடு மோதினார் என்ற வரி உங்களுக்கு அதிகம் சொல்லும். மேவெதருக்கு அந்த வரி எழுத வாய்ப்பே வரவில்லை. அது அவர் குற்றமில்லை. ஆனால் பல ஆண்டுகள் கேட்கப்பட்டுவந்த பாக்கியாவ் மோதலை 2015 வரை தள்ளிப்போன ஒன்றாகத்தான் நாம் பார்த்தோம் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

6. விதிகள் முடிவையே மாற்றும்

மூன்று சண்டைகளைச் சொல்கிறேன்.

1941 ஜூன் 18, ஜோ லூயிஸ் எதிர் பில்லி கான். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து வந்த கான், தன்னைவிட 25 பவுண்டுக்கு மேல் கனத்த ஹெவிவெயிட் சாம்பியனை 12 சுற்றுகள் ஆட்டிவைத்தார். இரண்டு நடுவர்களின் புள்ளி அட்டையில் கான் முன்னிலை, மூன்றாவது அட்டையில் சமம். 13-ஆவது சுற்றில் நாக் அவுட்டுக்கு ஆசைப்பட்டு நெருங்கினார். சுற்று முடிய இரண்டு நொடி இருக்கும்போது லூயிஸ் அவரைச் சாய்த்தார்.

1952 செப்டம்பர் 23, ஜெர்சி ஜோ வால்காட் எதிர் ராக்கி மார்சியானோ. மூன்று அட்டைகளிலும் வால்காட் முன்னிலை. 13-ஆவது சுற்றில் மார்சியானோவின் ஒரே வலது கைக் குத்து, வால்காட் கயிற்றில் சாய்ந்து மெதுவாகச் சரிந்தார்.

1981 செப்டம்பர் 16, தாமஸ் ஹேர்ன்ஸ் எதிர் சுகர் ரே லெனார்ட். மூன்று அட்டைகளிலும் ஹேர்ன்ஸ் முன்னிலை. 14-ஆவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார், லெனார்டுக்கு வெற்றி.

இந்த மூன்றும் இன்றைய 12 சுற்று விதியில் நடந்திருந்தால் கான், வால்காட், ஹேர்ன்ஸ் ஆகிய மூவரும் ஜெயித்திருப்பார்கள். மார்சியானோவின் 49-0 என்ற புகழ்பெற்ற எண் இருந்திருக்காது. அதே சமயம், 12 சுற்றுதான் என்று தெரிந்திருந்தால் பின்தங்கியவர் முன்பே வேகம் எடுத்திருப்பார் என்பதையும் மறுக்க முடியாது. அதனால் பழைய சண்டையைப் புதிய விதியில் திருத்தி எழுதவேண்டாம். பதினைந்து சுற்றுக்குத் தயாரானவர் எப்படிச் சக்தியைச் சேமித்தார் என்று மட்டும் கவனியுங்கள்.

பதினைந்து ஏன் பன்னிரண்டானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ, 14-ஆவது சுற்றில் விழுந்து, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு சில நாட்களில் இறந்தார். டபிள்யூ.பி.சி. உடனே பன்னிரண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் 1980-கள் முடிவதற்குள் வந்துசேர்ந்தன. கடைசி மூன்று சுற்றுகளில் பழைய வீரர்கள் காட்டிய வீரத்தைப் பேசும்போது அந்த மூன்று சுற்றுகளின் விலையும் என் நினைவில் வரும்.

இன்னும் சில: வீழ்ந்தவர் எழும்வரை எதிராளி நடுநிலை மூலைக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் 1919-இல் ஜாக் டெம்ப்ஸிக்கு இல்லை. ஜெஸ் வில்லர்ட் எழ எழ, தலைமாட்டிலேயே நின்று அடித்தார். முதல் சுற்றில் மட்டும் ஏழு முறை வில்லர்ட் விழுந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பொறுத்தவரை இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகச் சுற்றுகளையே பறிகொடுத்தவர் அவர். 1939-இல் ஆம்பர்ஸோடு நடந்த மறுமோதலில் ஐந்து சுற்றுகள் அப்படிப் போய், லைட்வெயிட் பட்டமும் போனது. அவருடைய நெருங்கி அடிக்கும் பாணியில் இது ஓர் உண்மையான குறை, ரசிகன் என்பதற்காக மறைக்கக்கூடாது.

7. படத்தைச் சத்தமில்லாமல் பாருங்கள்

வர்ணனையாளர் குரல் உங்கள் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒலியை அணைத்துவிட்டு ஒரே சுற்றை மூன்று முறை பாருங்கள். முதல் முறை கால்கள் மட்டும். இரண்டாம் முறை ஒருவரின் கைகள் மட்டும். மூன்றாம் முறை, அடி வாங்கியபின் அவர் அடுத்த நொடி என்ன செய்கிறார் என்பது மட்டும்.

ஆர்ம்ஸ்ட்ராங்கை இப்படிப் பார்த்தால் நிற்கும் காலே கிடையாது. குனிந்து, நெற்றியை எதிராளியின் தோளிலோ நெஞ்சிலோ முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் இடைவிடாமல் குத்துகிறார். பின்வாங்க இடம் தேடும் எதிராளி ஒரு காலைத் தூக்கும்போதே இவர் காலும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. பாக்கியாவ் வேறு வகை. இடதுகைக்காரர் என்பதால் அவர் வலது பாதம் முன்னால் இருக்கும். அந்தப் பாதம் எதிராளியின் இடது பாதத்துக்கு வெளிப்பக்கம் போய் ஊன்றிய கணத்தில் இடதுகை நேர்க்குத்து பாயும், பாய்ந்ததும் பக்கவாட்டில் விலகிவிடுவார். 2012 டிசம்பர் 8-இல் ஹுவான் மானுவேல் மார்க்கேஸிடம் ஆறாவது சுற்றின் கடைசி நொடியில் வீழ்ந்ததையும் காலைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்: நேரே உள்ளே அடி வைத்தார், எதிரே வலதுகைக் குத்து காத்திருந்தது. அது அவர்களுடைய நான்காவது மோதல். முப்பத்தாறு சுற்றுகள் பார்த்துப் பழகிய கால் அது.

மிகப் பழைய படங்களில் ஆட்கள் பொம்மைபோல் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். குறைந்த வேகத்தில் பிடித்த படத்தை இன்றைய வேகத்தில் ஓட்டுவதால் வரும் கோளாறு அது. இயல்பு வேகத்துக்குத் திருத்திய பிரதியைத் தேடிப் பாருங்கள். படமே இல்லாதவர்களும் உண்டு. மிடில்வெயிட் சாம்பியன் ஹாரி கிரெப் 1919 என்ற ஒரே ஆண்டில் 45 சண்டைகள் போட்டவர். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னிக்கு வாழ்க்கையில் ஒரே தோல்வியைக் கொடுத்தவரும் அவரே. அவர் மோதிய சண்டை ஒன்றின் படம்கூட எஞ்சவில்லை. அதற்காகப் பட்டியலிலிருந்து கிரெப்பைக் கழித்துவிடக்கூடாது. யாரை, எந்த எடையில் என்ற பத்திகள் அவருக்காகப் பேசும்.

8. கதவு மூடப்பட்டவர்களைத் தேடுங்கள்

சாம்பியன்களை மட்டும் ஒப்பிட்டால் நிறவெறி விதித்த எல்லைக்குள்ளேயே நாமும் நிற்போம். லைட்வெயிட்டாகத் தொடங்கி ஹெவிவெயிட் வரை எல்லாரோடும் மோதிய சாம் லாங்ஃபோர்ட் உலகப் பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை. வெள்ளையர்கள் கறுப்பருக்கு வாய்ப்புத் தர மறுத்தார்கள். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனும், 1906-இல் ஒருமுறை லாங்ஃபோர்டை வென்றபின், பட்டத்துக்கு அவரை அண்டவே விடவில்லை. 1940-களில் சார்லி பர்லி கதையும் இதேதான். ஒரு சாம்பியனை எடைபோடும்போது அவர் காலத்தில் யாரையெல்லாம் தவிர்த்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். ராபின்சன் பக்கத்தில் பர்லி பெயரை நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

9. அ, ஆ-வை வென்றார், ஆ, இ-யை வென்றார் என்ற கணக்கு வேண்டாம்

1983 நவம்பரில் ராபர்ட்டோ டுரான், மார்வின் ஹேக்லரோடு 15 சுற்றும் தாக்குப்பிடித்து நெருக்கமாகத் தோற்றார். அடுத்த ஜூனில் அதே டுரானை ஹேர்ன்ஸ் இரண்டே சுற்றில் முகம் குப்புற வீழ்த்தினார். அப்படியானால் ஹேர்ன்ஸ் ஹேக்லரைத் தூக்கிச் சாப்பிடவேண்டும் அல்லவா? 1985 ஏப்ரல் 15-இல் ஹேக்லர் மூன்றாவது சுற்றில் ஹேர்ன்ஸைச் சாய்த்தார். பாணிக்குப் பாணி பகை உண்டு. உயரமாக நின்று தூரத்திலிருந்து அடிக்கும் ஹேர்ன்ஸுக்கு, உள்ளே வரும் குள்ளமான டுரான் தோதான இரை. நேருக்கு நேர் வாங்கிக்கொண்டே முன்னேறும் ஹேக்லர் அவருக்குச் சாபம்.

ஹெவிவெயிட்டைப் பற்றி ஒரே வார்த்தை: அங்கே உச்சவரம்பு இல்லாததால் உடம்பு தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்துகொண்டே போகிறது. டெம்ப்ஸியும் மார்சியானோவும் 190 பவுண்டை ஒட்டி நின்றவர்கள், இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள குரூசர்வெயிட்டில் நிற்கவேண்டியவர்கள். டைசன் ஃபியூரி 260-ஐத் தாண்டியும் மேடை ஏறியவர். அவர்களைத் தனி நோட்டில் வையுங்கள்.

என் நோட்டு என்ன சொல்கிறது

ஆர்ம்ஸ்ட்ராங், பாக்கியாவ் இருவருக்கும் எதிரெதிர்ப் பக்கங்களை ஒதுக்கி எழுதினேன். நீண்ட காலம், எடைச் சதவீதம், 40 வயதிலும் பட்டம் ஆகியவற்றில் பாக்கியாவ் பக்கம் நிரம்பி வழிகிறது. உச்சத்தின் உயரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம். நடப்புச் சாம்பியன்கள் மூவரை, அதில் ஒருவரை எட்டு பவுண்டு விட்டுக்கொடுத்து, பத்து மாதத்துக்குள் அடித்துப் பிடித்ததற்கு இணையான ஒரு வரியைப் பாக்கியாவின் பக்கத்தில் என்னால் எழுத முடியவில்லை. 1940 மார்ச்சில் மிடில்வெயிட் பட்டத்துக்காக செஃபெரினோ கார்சியாவோடு மோதி டிரா செய்தார். நடுவர் மாற்றிச் சொல்லியிருந்தால் பழைய எட்டில் பாதி ஒருவர் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த கார்சியாவும் பிலிப்பைன்ஸ்காரர்தான். என் கணக்கில் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு படி மேல். உங்கள் நோட்டில் வேறு முடிவு வந்தால், எந்தப் பத்திக்கு நீங்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த ஜோடியாக ராபர்ட்டோ டுரானையும் ஃபிளாய்ட் மேவெதரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் லைட்வெயிட்டில் ஆண்டவர்கள், இருவரும் சூப்பர் வெல்டர்வெயிட்டிலும் பட்டம் வென்றவர்கள். டுரான் பக்கத்தின் நடுவில் இந்த வரி வரட்டும்: 1980 ஜூன் 20, மான்ட்ரியல், சுகர் ரே லெனார்ட், வயது 24, தோல்வியே அறியாதவர், வெல்டர்வெயிட், 15 சுற்று, புள்ளிகளில் வெற்றி. அதற்கு அடுத்த வரி அதே ஆண்டு நவம்பர் 25: அதே லெனார்டோடு மறுமோதல், டுரான் பாதியிலேயே விலகிக்கொண்டு தோற்ற நாள்.